நாலாவது ஸ்டாப்பர்

நெட்டுக்குப்பத்தில் திலீப்பை ஃபுட்பால் ஆடுகிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "டீமுல கீறான்" என்றுதான் சொல்வார்கள். ஆடுவதற்கும் டீமில் இருப்பதற்கும் நடுவில் ஒரு பெஞ்ச் கிடக்கிறது. அந்தப் பெஞ்சில்தான் திலீப்பின் நல்ல வயசு பாதி போனது.

அவன் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் அதில்தான் போகிறார்கள். பத்தாவது ஃபெயிலான பிறகு திலீப்பும் கொஞ்ச காலம் போனான். ஆனால் கரையில் இருக்கிற நேரமெல்லாம் கழிமுகத்து மணலில் பந்துதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த மணல் அது. ஆடிவிட்டு வாசலில் வந்து நின்றால் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக இருக்கும். "இன்னாடா, பட்டை அடிச்சிகினு சாமியாரா போய்ட்டியா?" என்று அம்மா முத்தம்மா திட்டுவாள். உயரம் அவனுக்குக் கடவுள் கொடுத்தது. ஆகாயத்தில் வருகிற பந்து எதுவானாலும் அவன் தலையைத் தேடித்தான் வரும்.

குப்பத்துப் பந்தயம் ஒன்றில் அவனைப் பார்த்து டீமுக்கு அழைத்துப் போனவர் ராயபுரத்து ஆசீர்வாதம். அவர்தான் கோச். நீலக்கொடி என்று கிளப்பின் பெயர். திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு வைத்திருந்த முதலாளி ஒருவர் அதை நடத்தினார். மாசச் சம்பளத்துக்கு ஆடுகிற டீம். நகரத்தின் சீனியர் டிவிஷனில் இருந்தது. சம்பளம் வருகிறது, டீம் சட்டையில் முதுகுப் பக்கம் பேர் போட்டிருக்கிறது என்றதும் திலீப்புக்குப் பெண்ணும் கிடைத்தது. சௌமியா அந்தச் சட்டையைத் துவைத்து வாசல் பக்கம்தான் காயப்போடுவாள். நாலு பேர் பார்க்கட்டும் என்று.

கோல் காக்கிறவனுக்கு முன்னால் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களைத்தான் ஸ்டாப்பர் என்பது. இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்சாதி மாதிரி. ஒருவன் முன்னால் போனால் மற்றவன் பின்னால் நிற்க வேண்டும். ஒருவன் வாயைத் திறக்கும் முன்னே மற்றவனுக்கு விஷயம் தெரிய வேண்டும். நீலக்கொடியில் அப்படி இரண்டு பேர் சுஹைபும் மணியும். அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாகக் கேரளத்துப் பையன் ஒருவன். நாலாவது ஆள் திலீப்.

முந்தின வருஷம் வரைக்கும் திலீப்புக்குப் பின்னாலும் இரண்டு பேர் இருந்தார்கள். முதலாளி அவர்களை அனுப்பிவிட்டு, அந்தச் சம்பளத்தில் வெளிநாட்டு ஃபார்வர்டு ஒருவனைக் கொண்டுவந்தார். ஆசீர்வாதம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"சார், பின்னாடி ஆளு கம்மியாப் போச்சு சார். ரெண்டு பேரு கால உடைச்சிகினா டீமே படுத்துரும்."

"ஆசீர்வாதம், கோல் போட்டாத்தான்யா ஜனம் கை தட்டும். தடுக்கிறவனுக்கு யாரு கை தட்றது? அதான் நாலு பேரு கீறானுங்களே."

அந்த நாலில் நாலாவது ஆளைப் பற்றி முதலாளிக்கும் தெரியாது, கோச்சுக்கும் முழுசாகத் தெரியாது. முழுசாகத் தெரிந்தவன் திலீப் ஒருத்தன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் மணிக்கு அடிபட்டு, திலீப்பை இறக்கினார்கள். இறங்கின சூட்டோடு எதிர்ப்பக்கத்து ஃபார்வர்டு ஒருவன், குட்டையான பையன், இவன் இடது பக்கம் காட்டி வலது பக்கம் போய்விட்டான். கோல். கொஞ்ச நேரத்தில் அதே பையன் அதே மாதிரி இன்னொரு தடவை போனான். இன்னொரு கோல். கேலரியிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் லைட் அவுசு! ஒரே இடத்துல நின்னு லைட்டு காட்டிகினு கீறியே, நவுருடா!" மைதானம் முழுக்கச் சிரித்தது. சொந்த டீம் ஆட்களிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு திலீப்பின் காதில் தங்கிவிட்டது. பிராக்டிஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓடுவான், தலையால் முட்டுவான், கடைசி ஆளாகப் போவான். ஆனால் மேட்ச் அன்றைக்கு, களத்தில் யாராவது விழுந்து கோச் பெஞ்ச் பக்கம் திரும்பினால், திலீப் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்துவிடுவான். கோச்சின் கண்ணில் பட்டால்தானே கூப்பிடுவார்.

இதைச் சுஹைப் கண்டுகொண்டிருந்தான். சுஹைப் தண்டையார்பேட்டைப் பையன். திலீப்பை விட வயதில் சின்னவன். எண்ணூரிலிருந்து வருகிற பஸ்ஸில் டோல்கேட்டில் ஏறுவான். திலீப் அவனுக்கு இடம் போட்டு வைத்திருப்பான்.

"இன்னா மாமு, இன்னிக்கு எந்த ஷூக்கு நாடா கட்டப் போறே? லெப்டா ரைட்டா?"

"ஏன்டா காலையிலயே பேஜார் பண்றே."

"இல்ல மாமு, நெசமாத்தான் சொல்றேன். நீ என்ன விட நல்லா எகிர்றே. பயத்த மட்டும் வூட்ல வெச்சிட்டு வா."

"எனக்கு இன்னாடா பயம்? கடல்ல போற ஆளு நானு."

"கடல்ல கேலரி இல்ல மாமு."

இப்படித்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டு போவார்கள். சுஹைபுக்கு அந்த வருஷம் ஒரு நல்ல காலம் வரவிருந்தது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் விளையாட்டுக்காரர்களுக்கென்று வேலை. சீசன் முடிந்த அடுத்த மாசம் ஆள் எடுக்கப்போகிறார்கள், களத்தில் ஆடிக் காட்ட வேண்டும். அப்பா இல்லாத வீடு. அம்மா ஷரீஃபுன்னிசாவுக்கு அவன் ஒரே பிள்ளை. அந்த வேலை வந்துவிட்டால் பென்ஷன் வரைக்கும் கவலை இல்லை என்று அவள் ஐந்து வேளைத் தொழுகையிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி மாசம் வந்தது. நெட்டுக்குப்பத்து அம்மன் கோயிலில் காப்புக் கட்டுகிற நாளை ஊர் கூடி முடிவு செய்தார்கள். மஞ்சள் கயிற்றை மந்திரித்துக் கையில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடலுக்கும் போக மாட்டார்கள், சாவு வீட்டுக்கும் போக மாட்டார்கள். எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருக்கும். அதற்கு இந்தப் பக்கம்தான் எல்லாம். அந்த வருஷம் கரகம் எடுக்கத் திலீப்பைக் கேட்டார் பூசாரி. பூசாரி அவனுக்குச் சித்தப்பா முறை. நெடுநெடுவென்று இருக்கிற பிள்ளை கரகம் தூக்கினால் அம்மன் தூரத்திலிருந்தே தெரிவாள் என்று அவருக்கு ஆசை.

திருவிழா நடுவில் டீமின் கடைசி இரண்டு மேட்ச் விழுந்தது. திலீப் கோச்சிடம் போய்ச் சொன்னான். அன்றைக்கு நாலு ஸ்டாப்பரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இரண்டில் ஒன்றைச் சமமாக முடித்தாலே டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்காது.

"போய் உங்க அம்மாவுக்குச் செய்யுறதச் செய்டா. இங்க ஆளுங்க கீறாங்க" என்றார் ஆசீர்வாதம். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ வந்து மட்டும் இன்னா பண்ணப் போறே, நாடா கட்டிகினு குந்தினுதான் இருக்கப் போறே" என்றார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற மனுஷர். ஆனால் அந்தச் சிரிப்பையும் திலீப் பழைய சிரிப்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். பூசாரிச் சித்தப்பா மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றபோது, இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று கையை நீட்டினான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நடந்தது. பிராக்டிஸில் கேரளத்துப் பையன் விழுந்து காறை எலும்பு உடைந்தது. அடுத்த மேட்சில் மணிக்குப் பின்தொடை நரம்பு இழுத்துக்கொண்டது, ஸ்டிரெச்சரில் தூக்கிப் போனார்கள். மணி போன இடத்துக்கு, இடது ஓரத்தில் தடுக்கிற லெஃப்ட் பேக்கை நடுவில் கொண்டுவந்தார் கோச். லெஃப்ட் பேக் இடத்துக்கு நடுக்களத்து ஆள் ஒருவனை இழுத்தார். நடுக்களம் ஓட்டையானது. ஒரு ஆள் போனால் ஒரு இடம்தான் காலியாகும் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒருத்தன் போனால் நாலு பேர் பழகாத இடத்தில் நிற்பார்கள். யார் எப்போது முன்னால் போவான், யார் பின்னால் நிற்பான் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த மேட்சில் எல்லாருடைய வேலையையும் சுஹைபே ஓடி ஓடிப் பார்த்தான். கடைசியில் ஒருவன் மேல் மோதி வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். முதலாளி கொண்டுவந்த ஃபார்வர்டு ஒரு கோல் போட்டான். அதற்குக் கை தட்டினார்கள்.

இப்போது கடைசி மேட்ச். சமமாக முடித்தால்கூடப் போதும், சீனியர் டிவிஷனில் இருக்கலாம். தோற்றால் கீழ் டிவிஷன். புதிசாக ஆள் சேர்க்கிற தேதி தாண்டிவிட்டது. பேர் கொடுத்திருக்கிற ஆட்களைத்தான் இறக்க முடியும். சுஹைப் முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீதி இருக்கிற ஸ்டாப்பர் ஒருத்தன்தான். அவன் கையில் மஞ்சள் கயிறு.

மேட்ச் அன்று காலையில் முதலாளியின் கார் நெட்டுக்குப்பத்து எல்லையில் வந்து நின்றது. ஆசீர்வாதம் இறங்கினார். பின் கதவைப் பிடித்துக்கொண்டு சுஹைபும் இறங்கினான், ஒரு காலை ஊன்றாமல். தோரணத்துக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். ஆசீர்வாதம் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். திலீப் வேட்டியோடு இந்தப் பக்கம் வந்து நின்றான். பின்னாலேயே பூசாரியும் ஊர் ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள்.

"திலீப்பு," என்றார் கோச், "அன்னிக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்டா. மனசுல வெச்சிக்காத. இன்னிக்கு ஒரு நாளு. ஒன்ற மணி நேரம். உங்க சாமி கிட்ட நான் வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

திலீப் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான்.

சுஹைப் குறுக்கே வந்தான். "கோச், அத்த அப்படிக் கேக்காதீங்க. காப்பு கட்டிகினவன இட்டுகினு போறது தப்பு. மாமு, உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய். முடியாதுன்னா நான் பேண்டேஜ் கட்டிகினு எறங்கிக்கறேன். ஒண்ணும் ஆவாது."

பூசாரிச் சித்தப்பா யோசித்தார். டீம் சம்பளத்தில் அண்ணன் மகன் குடும்பம் நடப்பது அவருக்கும் தெரியும். அவர் கடுமையான ஆள் இல்லை. "இதுக்கு வயி இல்லாம இல்ல" என்றார். "பூ கட்டிப் போட்டு அம்மாவையே கேட்டுருவோம். வெள்ளப் பூ வந்தா உத்தரவு. நானே காப்பக் கயட்டி அம்மா காலாண்ட வெச்சிர்றேன். போய்ட்டு வந்து தலைக்கு ஊத்திகினு திரும்பக் கட்டிக்கோ. செவப்பு வந்தா இங்கியே இரு. நீ போனா கரகத்துக்கு நம்ம ஊர்ல ஆளா இல்ல? நாலு பேரு கீறானுங்க."

இலையில் சிவப்புப் பூ ஒன்றும் வெள்ளைப் பூ ஒன்றும் தனித்தனியாக மடித்துக் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். நெட்டுக்குப்பத்தில் படகு வாங்குவதானாலும் பெண் கொடுப்பதானாலும் அப்படிக் கேட்காமல் செய்வதில்லை. கேட்டால் அம்மா சொல்லிவிடுவாள். சொன்னால் செய்துதான் ஆக வேண்டும்.

திலீப் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெள்ளைப் பூ வந்துவிட்டால்? மேட்ச் நடக்கிற பெரியமேட்டு மைதானம் கண்ணுக்குள் வந்தது. அந்தக் குட்டைப் பையன் வந்தான். கேலரி வந்தது.

"வேணாம் சித்தப்பா" என்றான். "கட்டுனது கட்டுனதுதான். அம்மாவப் போய் சோதிக்கக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இன்னா பக்தி பாத்தியா" என்று ஒரு பெரியவர் சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சௌமியாவுக்குக் கண் கலங்கியது. கோயிலுக்குள் இருந்த அம்மாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவள் கல்லாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வாதம் செருப்பை மாட்டிக்கொண்டார். சுஹைப் காரில் ஏறும் முன் திரும்பி, "எனக்கும் சேத்து வேண்டிக்கோ மாமு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சாயங்காலம் கோயில் முன்னால் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் நாலு இளவட்டங்கள் செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்திலிருந்து யாரோ நேரடியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திலீப் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றான். போன் பக்கம் போகவில்லை. காது மட்டும் அங்கேதான் இருந்தது.

பாதி நேரம் வரைக்கும் கோல் இல்லை. "சுஹைபு ஒத்தக் கால்லியே நிக்கிறான்யா, சூப்பரு!" என்று ஒருவன் கத்தினான். திலீப்புக்கு மூச்சு கொஞ்சம் வந்தது. அம்மா, அவன் காலைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டான். ஆனால் வேண்டுகிற வாய் கூசியது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு இதைக் கேட்க அவனுக்கு முகம் இல்லை.

பிறகு பந்தலில் எல்லாரும் ஒரே சமயத்தில் "ஐயோ" என்றார்கள். திலீப் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினான். சின்னத் திரையில் சுஹைப் புல்லில் கிடந்தான். யாரும் அவனைத் தள்ளவில்லையாம். திரும்பும்போது கால் மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டதாம். அவன் கையால் புல்லை அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, போனில் அவ்வளவு தூரம் கேட்காது.

அவனுக்குப் பதிலாக இறக்க ஸ்டாப்பர் யாரும் பெஞ்சில் இல்லை. ஃபார்வர்டு ஒருவனைப் பின்னால் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இரண்டு கோல் விழுந்தது. நீலக்கொடி கீழ் டிவிஷனுக்குப் போனது.

அன்றைக்குத் திலீப் கரகம் எடுத்தான். கரகம் அசையாமல் வந்தது என்று ஊரே சொன்னது.

சுஹைபுக்கு முட்டிக்குள் ஜவ்வு அறுந்துபோனதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆள் எடுக்கிற நாளில் சுஹைப் இரண்டு பக்கமும் கட்டை வைத்து நடந்துகொண்டிருந்தான். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும்.

காப்பு அவிழ்த்த மறுநாளே திலீப் தண்டையார்பேட்டைக்குப் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனான். பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டான். ஷரீஃபுன்னிசா கதவைத் திறந்து, "வாப்பா, வா" என்று நாற்காலி போட்டாள். சுஹைப் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான்.

"இன்னா மாமு, கரகம் நல்லா வந்துச்சாமே? மணி சொன்னான்."

திலீப்புக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வந்திருக்கணும்டா" என்று மட்டும் சொன்னான்.

ஷரீஃபுன்னிசா டீ டம்ளரை அவன் கையில் வைத்தாள். "அப்படியெல்லாம் சொல்லாதப்பா. நேர்ச்சைன்னா நேர்ச்சைதான். எங்க வூட்லயும் நேர்ச்சை உண்டு. அத்த உட்டுட்டு வான்னு கூப்ட்டதே இவங்க தப்பு. நீ உன் சாமிக்குக் குடுத்த வாக்க காப்பாத்துனே. என் புள்ளைக்கு நடக்கணும்னு எழுதியிருந்துச்சு, நடந்துச்சு. இதுல உன் மேல இன்னா இருக்குது?"

"கேட்டியா? மேலயே முடிவாயிடிச்சு" என்றான் சுஹைப். "உங்க அம்மா உன்ன புடிச்சி வெச்சிகிச்சு. எங்க அல்லா என்ன எறக்கி வுட்டான். ரெண்டு பெரிய ஆளுங்களும் பேசி முடிச்ச விசயம். நாம நடுவுல எங்க மாமு பூர்றது?"

தாயும் மகனும் சிரித்தார்கள். திலீப் டீயைக் குடித்தான். கோத்து வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

மழைக்காலம் போய், மறு வருஷம் வந்தது. முதலாளி கையைச் சுருக்கிக்கொண்டார். வெளிநாட்டு ஃபார்வர்டு போனான். மணி வேறு கிளப்புக்குப் போனான், கேரளத்துப் பையன் ஊருக்கே போய்விட்டான். சுஹைபின் கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் அவன் மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தான். நாலு ஸ்டாப்பரில் மிச்சம் இருந்தவன் திலீப். கோச் கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. போர்டில் அவன் பெயரை முதல் பெயராக எழுதினார்.

முதல் மேட்ச் அன்று திலீப் கக்கூசில் போய் வாந்தி எடுத்தான். பிறகு களத்தில் இறங்கினான். முதல் பந்து ஆகாயத்தில் வந்தது. எகிறி முட்டினான். இரண்டாவது பந்துக்கு எதிர் ஆள் இடது பக்கம் காட்டினான். திலீப் அசையாமல் நின்றான். அந்த ஆள் வலது பக்கம் வரும்போது பந்தை மட்டும் சுத்தமாக எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோல் விழவில்லை. அடுத்த மேட்சிலும் விழவில்லை. மூன்றாவது மேட்ச் முடிந்ததும் ஆசீர்வாதம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இத்தினி நாளு எங்கடா இருந்தே படுபாவி?" என்றார். சந்தோஷத்தில்தான் சொன்னார். திலீப்புக்குத் தோரணத்துக்கு முன்னால் நின்ற காலைதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் நான் இப்படித்தான் ஆடியிருப்பேன். இந்தக் கால்தான் அன்றைக்கும் இருந்தது.

அந்த மேட்சுக்குச் சுஹைப் வந்திருந்தான். கடைக்கு லீவு போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று, வலது காலை மடக்காமல் வைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான். "மாமு, பின்னாடி! மாமு, உடாத!" அவன் சொன்ன இடத்திலெல்லாம் திலீப் நின்றான். முடிந்ததும் ஓடி வர முடியாமல், காலை இழுத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான்.

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். சுஹைப் ஒவ்வொரு பந்தாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தான். "அந்த ரெண்டாவது ஹாப்ல ஒண்ணு எடுத்தே பாரு, நானா இருந்தா உட்டிருப்பேன் மாமு. சத்தியமா."

திலீப்பால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சுஹைபு, அன்னிக்கு நான் பூப் போட்டுக் கேக்கல."

"இன்னா பூவு?"

"எங்க சித்தப்பா கேக்கலாம்னாரு. நீதான் பாத்தியே. வெள்ளப் பூ வந்தா போலாம்னாரு. நான் வேணாம்ட்டேன். பக்தியால இல்லடா. பயம். வெள்ள வந்துட்டா எறங்கணுமேன்னு பயம். அம்மா என்ன புடிச்சி வெக்கல. நான்தான் அம்மா பின்னாடி ஒளிஞ்சிகினேன்."

ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஆள் ஏறாததால் போனது.

"கேட்டிருந்தா இன்னா வந்திருக்கும்?" என்றான் சுஹைப்.

"தெரியலடா."

"இப்ப கேக்க முடியாதா?"

"நடந்து முடிஞ்சதுக்குப் பூப் போட மாட்டாங்க."

சுஹைப் குனிந்து முட்டியைத் தேய்த்தான். அவன் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"ராத்திரில வலி எடுக்கும் மாமு. அம்மா எண்ணெ தேச்சிகினு உக்காந்திருக்கும். அப்ப நாங்க பேசிக்கறது ஒண்ணுதான். மேல எழுதுனது, யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு. அத்த வெச்சிதான் ஒரு வருசம் ஓட்டுனேன். நீ இத சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"மனசு கேக்கலடா."

"உன் மனசு ஆறணும்னு சொல்லிட்டே. சரி. இப்ப நான் போய் எங்க அம்மா கிட்ட இன்னான்னு சொல்றது?"

அடுத்த ஆட்டோ வந்தது. படி உயரமாக இருந்தது. ஏற்றிவிடத் திலீப் கை கொடுத்தான். சுஹைப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்ற காலைத் தானே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

"வரேன்" என்றான். மாமு என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேட்ச் இருந்தது. திலீப் ஆடினான். முதல் பந்தை முட்டின பிறகு கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே தண்ணீர் பாட்டில்கள்தான் இருந்தன. பின்னாலிருந்து கோல் காக்கிறவன், "முன்னாடி பாருய்யா, ஆளு வருது" என்று கத்தினான். திலீப் திரும்பி முன்னால் போனான்.